ஒதுங்கிப் போவாங்க

"சார், இங்க நட்டா ஆளுங்க எப்படிப் போவாங்க?"

"ஒதுங்கிப் போவாங்க மேஸ்திரி. நடுங்க."

பேச்சு அவ்வளவுதான். நாலு வருஷம் ஆகிவிட்டது. நான் சொன்ன அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

வரைபடப்படி அந்த வழிகாட்டிப் பலகையின் கம்பம் நடைபாதையின் சாலைப்பக்க ஓரக்கல்லை ஒட்டித்தான் வரவேண்டும். குழி தோண்டும்போது அங்கே மின் கேபிள் தட்டுப்பட்டது. கேபிளின் மேல் கம்பத்தை இறக்க எந்த இன்ஜினியரும் சொல்லமாட்டார். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளே தள்ளச் சொன்னேன். ஓரக்கல்லிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி நட்டோம். நடைபாதையின் மொத்த அகலமே ஒன்றரை மீட்டர். 10 சென்டிமீட்டர் கம்பம் போக, சுவர்ப்பக்கம் மிஞ்சியது இன்னொரு 70. சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போக 90 சென்டிமீட்டராவது வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. டேப் பையில்தான் இருந்தது. கேபிளின் ஆழத்தை அளந்தேன், மிச்சப் பாதையை அளக்கவில்லை.

500-க்கு 1 அளவில் வரைந்த தாளில் அந்த நடைபாதை 3 மில்லிமீட்டர்தான், கம்பம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தியதாகத்தான் அன்று நினைத்தேன். எட்டு அடி எடுத்து வைத்தால் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. பலகையை அதிலேயே கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கலாம். அதற்கு வேறு துறையின் அனுமதி வேண்டும், கடிதம் போகவேண்டும், பதில் வரவேண்டும். மாதக் கடைசி, பில் நிற்கிறது. கடிதம் எழுதியிருந்தாலும் அனுமதி கிடைத்திருக்காது என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் எழுதவே இல்லையே.

போன வருஷம் அந்த வழியாக நடந்தேன். பார்வையற்றோருக்கான மஞ்சள் டைல்ஸ் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஜப்பானில் செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தது இந்த வகைத் தளம்தான். நீளக் கோடுகள் காலுக்குக் கீழே வந்தால் நேராகப் போகலாம் என்று அர்த்தம். அந்தக் கோடுகள் நேராக என் கம்பத்தில் போய் முட்டின. டைல்ஸ் பதித்தவர் கம்பத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி, இடுக்கில் விரல்நகம்கூட நுழையாதபடி பூசியிருந்தார். அருமையான கைவேலை. குனிந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

பலகை இன்னும் மோசம். கீழ்விளிம்பு என் நெற்றி உயரத்தில் இருக்கிறது, கம்பத்திலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு. கைத்தடி தரையைத் தடவி வரும், கம்பத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒதுங்குகிற முகத்துக்கு நேரே வரும் தகர விளிம்பு தடிக்கு எப்படித் தெரியும்? ஒதுங்கிப் போவாங்க என்றேனே, ஒதுங்குகிற இடத்தில்தான் அது இருக்கிறது.

மாற்றக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடக்குமா தெரியவில்லை. இப்போதெல்லாம் குழி போடுமுன் மிச்சப் பாதையைத்தான் முதலில் அளக்கிறேன். இப்படிச் சொல்லிக்கொண்டாலும், இரண்டு மாதம் முன்பு ஒரு ஜங்ஷன் பெட்டி வைக்க, மிச்சப் பாதை 80 சென்டிமீட்டர் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். அங்கேயும் காரணம் இருந்தது. காரணம் இல்லாத இடமே எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

மேஸ்திரி அன்று என்னிடம் மறுபேச்சுப் பேசவில்லை. கான்கிரீட் போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல், கம்பத்தின் அடியை மணியாஸ் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துத் தரையோடு தரையாகச் சமன் செய்துகொண்டிருந்தார். நேரமாகுது என்றேன்.

"யாருக்கும் கால் தட்டக்கூடாதுல்ல சார்" என்றார்.