டீக்கடைச் சுவரில் ஒரு முதல்வர்

நேற்று ராத்திரி 'டெமாலிஷன் மேன்' மறுபடி பார்த்தேன். 1993இல் வந்த படம், கதை நடப்பது 2032இல். ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்டு அமெரிக்க அதிபராக இருந்தவர் என்று அதில் ஒரு பேச்சு வரும். அங்கே பிறப்பாலேயே குடிமகனானவர்தான் அதிபராக முடியும். அதனால் அவருக்காக 61ஆவது சட்டத் திருத்தம் வந்ததாகக் கதை. நிஜத்தில் 2003இல் கலிபோர்னியா கவர்னரானார், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "இதுல என்ன கண்ணு அதிசயம்? நாம எப்பவோ பார்த்தாச்சே" என்றார்.

கேரளத்தில், பாலக்காடு பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை டீக்கடைச் சுவரில் எம்.ஜி.ஆர். படம் இருக்கிறது. வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சட்டத்தின் மேல் காய்ந்த செவ்வந்தி மாலை. இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்தவர். குடும்ப வீடு இதே சித்தூர் தாலுகாவில், வடவன்னூரில். 1977இல் தமிழ்நாட்டு முதல்வரானவர் 1987இல் இறக்கும்போதும் முதல்வர்தான். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம் என்று வளர்ந்த எனக்கு, "நீ எந்த ஊர்க்காரன்?" என்று யாராவது கேட்டால் அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

காலையில் கடைக்கார அண்ணன் பழைய மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிரே போய் இரண்டு முழம் செவ்வந்தி வாங்கி வந்து கொடுத்தேன்.