புரொபோசிஷன் 68 பூங்கா மானியம்: எங்கள் பணம் நின்ற இடம்

பூங்கா வேலை முடிந்து பிள்ளைகள் ஊஞ்சல் ஆடத் தொடங்கி நான்கு மாதமாகியும் மானியத்திலிருந்து எங்கள் நகராட்சிக்கு ஒரு டாலர்கூடத் திரும்பி வரவில்லை. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது முழுவதும் பொது நிதியிலிருந்து. முதலில் தடுத்தது ஒரே ஒரு பார்சல் (நிலத் துண்டு) எண்.

புரொபோசிஷன் 68 என்பது 2018 ஜூனில் கலிபோர்னியா வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 400 கோடி டாலர் கடன் பத்திரம். அதில் மக்கள்தொகைப்படி பிரித்த தலைக்கணக்குப் பங்கு (பெர் கேபிடா), சட்டப்படி சிறிய ஊருக்கும் குறைந்தது 2,00,000 டாலர் ஒதுக்கியது. போட்டி இல்லை, விண்ணப்பமும் சுலபமாக இருந்தது. சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மானியத்தில் சீரமைக்கும் நிலம் பூங்காவாகவே இருக்கும் என்று டீட் ரெஸ்ட்ரிக்ஷன் (நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பத்திரம்) எழுதி, கவுண்டி ரெகார்டரிடம் (பத்திரப் பதிவு அலுவலர்) பதிய வேண்டும். பதியாமல் பில் நகராது. எங்கள் பூங்கா இரண்டு பார்சல்களில் கிடக்கிறது. விளையாட்டுத் திடல் ஒன்றில், கழிப்பறை அடுத்ததில். பழைய வரைபடத்தை நம்பி ஒரு பார்சலின் நில விவரத்தை மட்டும் இணைத்துவிட்டோம். டைட்டில் ரிப்போர்ட்டை (நில உரிமை அறிக்கை) முதல் வாரமே வாங்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

திருத்தி எடுத்துப் போனால் கவுன்டரில் மறுபடி திருப்பினார்கள். முதல் பக்கத்தின் மேல் இரண்டரை அங்குலத்தில் வலப்பக்கம் ரெகார்டர் முத்திரைக்காகக் காலியாக இருக்க வேண்டும். எங்களுடையதில் தலைப்பு அங்கே ஏறியிருந்தது. அதைச் சரிசெய்து போனால் நோட்டரி சான்றில் கலிபோர்னியா கேட்கும் கட்டமிட்ட வாசகம் இல்லை. மூன்று பயணம். இரண்டு குறையையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்த எழுத்தர் ஒன்றைக் கண்டதும் மற்றதைப் பார்க்கவில்லை. "வேறு ஏதாவது குறை இருக்கிறதா, கடைசிப் பக்கம் வரை பார்த்துச் சொல்லுங்கள்" என்று நின்று கேளுங்கள்.

மானியத்துக்கான கவுன்சில் தீர்மானத்தில் ஆவணங்களில் கையெழுத்திடுபவரின் பெயரை எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். பெயரைப் போட்டுவிட்டு அவர் வேலை மாறினால் புதுத் தீர்மானத்துக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

மேட்ச் (நகராட்சி தன் பங்காகப் போடும் பணம்) கணக்கும் பலரைக் கவிழ்க்கிறது. 20 சதவீதம் என்பது மானியத்தில் அல்ல, மொத்தத் திட்டச் செலவில். 2,00,000 முழுவதும் பெற 2,50,000 செலவு காட்ட வேண்டும். 40,000 ஒதுக்கினால் பற்றாது. குடும்ப வருமானத்தின் இடைநிலை மாநில சராசரியில் 60 சதவீதத்துக்கும் கீழே உள்ள பகுதிக்கான திட்டம் என்றால் மேட்ச் வேண்டாம். அதை ஆரம்பத்திலேயே சரிபாருங்கள்.

இந்த வேலைக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்கு உண்டு என்ற அறிவிப்பைக் கவுண்டி கிளார்க்கிடம் உடனே தாக்கல் செய்தோம். இதில் மட்டும் முந்திக்கொண்டோம். தாக்கல் செய்தால் அதை எதிர்த்து வழக்குப் போட 35 நாள்தான் அவகாசம். விட்டால் 180 நாள்.

புல் வெட்டுவது போன்ற பராமரிப்புச் செலவை பில்லில் சேர்க்காதீர்கள். பல ஆண்டுகள் வட்டியோடு அடைக்கும் கடன் இது. நிலைத்து நிற்கும் சொத்துக்குத்தான் செல்லும். எங்கள் பில்லில் அப்படி நுழைந்த ஒரு வரியை நாங்களே அடித்துவிட்டு அனுப்பினோம்.

டீட் ரெஸ்ட்ரிக்ஷன் பதிவானதும் பில் நகர்ந்தது. முடிவுத் தொகைக்கு கடன் பத்திரத்தின் பெயர் தாங்கிய பலகையின் படமும் கேட்பார்கள். பலகையை இப்போதே ஆர்டர் செய்துவிடுங்கள்.