அப்பா ஊதினார், நடந்தார், மதிப்பெண் வந்தது

அப்பாவுக்கு 74 வயது. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்பது ஏற்கெனவே தெரியும். இப்போது நோய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலை அளக்கும் சோதனை) எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

வெறும் ஊதல்தானே என்று போகாதீர்கள், ஆளைப் பிழிந்தெடுத்துவிடும். மூக்கில் கிளிப். மூச்சை முழுக்க இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். "விடாதீங்க ஐயா, இன்னும், இன்னும்" என்று டெக்னீஷியன் கத்திக்கொண்டே இருந்தார். ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி ஊதும்வரை விடவில்லை. வயதானவர்களுக்குத் தலை சுற்றும். நடுவில் ஓய்வு கேட்டு வாங்குங்கள். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் ஊதல். மருந்துக்குப் பிறகு வரும் எண்தான் முக்கியம்.

முதல் விநாடியில் வெளியே வரும் காற்று, மொத்தக் காற்றில் 0.70 பங்குக்கும் குறைவு என்றால் அடைப்பு. (வயது ஏற ஏற இது தானாகவே இறங்கும் என்பதால், முதியவர்களுக்கு வயதுக்கேற்ற கீழ்வரம்பையும் பார்ப்பது நல்லது.) அப்பாவுக்கு 0.52. முதல் விநாடிக் காற்று, இருக்க வேண்டியதில் 45 சதவீதம்தான்.

அந்த 45-லேயே என் கண் நின்றுவிட்டது. டாக்டரோ அப்பாவை 6 நிமிட நடைக்கு அனுப்பினார். விரலில் ஆக்சிமீட்டர், பின்னாலேயே நர்ஸ். இடையில் சுவரைப் பிடித்து நின்றார். கடிகாரம் நிற்கவில்லை, அதுதான் விதியாம். 290 மீட்டர்.

பிறகு இதையெல்லாம் சேர்த்து ‘போட்’ (BODE) குறியீடு என்ற மதிப்பெண் போட்டார்கள்: உடல் எடை, அடைப்பு, மூச்சிரைப்பு, நடை. 0 முதல் 10 வரை; கூடக் கூட உயிருக்கு ஆபத்து அதிகம். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 20, அதற்கு 1. அடைப்புக்கு 2. சம வயதுக்காரர்களோடு சமதரையில் நடக்க முடியாமல் பின்தங்குவதால் 1. நடைக்கு 1. மொத்தம் 5.

"அப்போ எத்தனை வருஷம் சார்?" என்று அப்பாவே கேட்டுவிட்டார். "இது உங்களை மாதிரி நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்க ஒருத்தருக்குத் தேதி குறிக்காது" என்றார் டாக்டர். மழுப்பல் மாதிரித் தெரிந்தாலும் நேர்மையான பதில்தான்.

எனக்குப் பிடித்தது அடுத்து அவர் சொன்னது. அடைப்பைப் பெரிதாக மாற்ற முடியாது, எடையையும் நடையையும் மாற்றலாம். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் உணவு ஆலோசனைக்கும் அன்றே எழுதிக் கொடுத்தார். முழங்கால் வலியால் நடக்கவே முடியாதவர்கள் இருந்தால், வயது, மூச்சிரைப்பு, அடைப்பு மூன்றை மட்டும் வைத்துப் போடும் ஏ.டி.ஓ. குறியீட்டைப் பற்றிக் கேளுங்கள்.