சோறு இறங்காவிட்டாலும் இன்சுலின்

மார்ச் 14, சத்தியமங்கலம்

தம்பியின் கலப்பின மாடு கன்று போட்டு மூன்று வாரம். தீவனத்தை மோந்துவிட்டு விலகுகிறது, சோளத்தட்டை மட்டும் மெல்கிறது. பால் பாதியாகிவிட்டது, மூச்சில் ஒரு இனிப்பு நெடி. 'கீட்டோசிஸ்' என்று சொன்ன கால்நடை மருத்துவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். புரொப்பிலீன் கிளைக்கால் புகட்டச் சொன்னார். பாலின் சர்க்கரைக்குக் குளுக்கோஸ் வேண்டும். மாட்டுக்கோ குடலிலிருந்து அது வருவதே அபூர்வம், கல்லீரல்தான் செய்து தர வேண்டும். கறவைக்கு அது போதாதபோது உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து பிறக்கும் கீட்டோன்கள் மிகுவதுதான் கீட்டோசிஸ்.

மார்ச் 20

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் மிதிக்க (தீமிதி) விரதம் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "காலைல வாய் ஒரு மாதிரி நாறுதுங்க அம்மிணி, மாட்டுக்கு வந்ததுதான் எனக்குமா?"

இல்லை. சாப்பாடு இல்லாத நேரத்தில் கல்லீரல் கொழுப்பை அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இரண்டு கீட்டோன்களாக்கி இரத்தத்தில் விடுகிறது. தான் செய்ததைத் தானே எரிக்கும் நொதி கல்லீரலுக்கு இல்லை. எல்லாம் இதயத்துக்கும் தசைக்கும் மூளைக்கும்தான். அசிட்டோஅசிட்டேட்டில் கொஞ்சம் அசிட்டோனாக மாறி மூச்சில் போகிறது, அதுதான் வாசம். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களின் மூளை, தன் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோனிலிருந்தே எடுத்ததை 1967-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹிலின் குழு காட்டியது. மனித உடலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அந்த நோய்க்கான டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் விரதம் வேண்டாம் என்றிருப்பேன். அந்த மாத்திரையில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன் ஆபத்தான அளவுக்குப் போகலாம்.

மார்ச் 24

பவானிசாகர் பக்கமிருந்து ஒன்பதாவது படிக்கும் பிள்ளை. டைப் 1 சர்க்கரை நோய். இரண்டு நாளாக வாந்தி. "ஒரு வாய் சோறு எறங்கலைங்க, ஊசி போட்டா சக்கரை கொறஞ்சு மயங்கிப் போயிருமேன்னு நிறுத்திப்போட்டமுங்க" என்றார் அப்பாரு. ஆழமான வேக மூச்சு, வறண்ட நாக்கு, சர்க்கரை 412, கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை கருஊதா. சலைன் போட்டு 108-இல் கோவைக்கு அனுப்பினோம்.

பாசத்தில் செய்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள், எனக்கு நெஞ்சு பதறுகிறது. இன்சுலின் சோற்றுக்கு மட்டுமானதல்ல. கொழுப்புக்கு அதுதான் மடைப்பலகை. அக்கா பட்டினி கிடந்தாலும் கணையம் கொஞ்சமாவது சுரந்து பலகையைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு அது ஊசியில் மட்டுமே இருக்கிறது. ஊசி நின்றதும் கொழுப்பு கட்டில்லாமல் கரைந்து, கீட்டோன் அமிலம் இரத்தத்தில் குவிகிறது. அமிலத்தைக் குறைக்கத்தான் அந்த வேக மூச்சு. சர்க்கரையோ நீரையும் பொட்டாசியத்தையும் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகிறது.

மார்ச் 30

பிள்ளை வீடு திரும்பிவிட்டாள். மருத்துவர் சொன்னதை அப்பாருக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல், வாந்தி எது வந்தாலும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற போன் செய்து கேட்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் சர்க்கரை, கூடவே கீட்டோன். தண்ணீர் அடிக்கடி. வாந்தி நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

முடிந்தால் இரத்தக் கீட்டோன் மீட்டர் வாங்கச் சொன்னேன். 0.6-க்குள் இருந்தால் பயமில்லை, 3-ஐத் தொட்டால் உடனே மருத்துவமனை. சிறுநீர்ப் பட்டைக்கு அசிட்டோஅசிட்டேட்தான் தெரியும். இப்படிக் கீட்டோன் அமிலம் குவியும்போது மிகுந்திருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதில் தெரியாது.

"ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். பண்ணுங்க என்று என் எண்ணையும் அதிலேயே எழுதினேன்.