நாற்பத்தெட்டு மணி நேரம், ஒரே மனிதர்

சென்னையிலிருந்து மதுரைக்குக் கார் ஓட்டிப் போனால் மூன்று இடத்தில் தேநீர், இரண்டு இடத்தில் முதுகுவலிப் புலம்பல். நான் அப்படித்தான். அதனால்தான் அந்தக் காலத்துப் பிரெஞ்சு கார் பந்தய ஓட்டுநர் எமில் லெவாஸோரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1895 ஜூன். பிரான்ஸில் ஒரு கார் பந்தயம்: பாரிஸிலிருந்து போர்தோ நகரம் போய் மீண்டும் பாரிஸ். ஏறத்தாழ 1,178 கிலோமீட்டர். வண்டியில் ஸ்டீயரிங் வளையம் கிடையாது, திருப்புவதற்கு ஒரு நெம்புகோல்தான். சக்கரத்தில் காற்றில்லாத கெட்டி ரப்பர். ரூஃபெக் என்ற ஊரில் அவரை மாற்றிவிட வேறொரு ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். லெவாஸோர் நள்ளிரவு தாண்டி, எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மனிதரோ நல்ல உறக்கத்தில். சரி, தூங்கட்டும் என்று இவரே தொடர்ந்து ஓட்டினார். 48 மணி 48 நிமிடத்தில் பாரிஸ். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். அடுத்த வண்டி வந்து சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

ஆனாலும் முதல் பரிசு அவருக்கு இல்லை! நான்கு இருக்கை வண்டிக்குத்தான் முதல் பரிசு என்பது விதி. அவருடையது இரண்டு இருக்கை. பரிசு கெக்லன் என்பவர் ஓட்டிய பெஜோ காருக்குப் போனது. விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். மனம்தான் ஒப்பவில்லை.

அதே பந்தயத்தில் டயர் தயாரிப்பாளர்களான மிஷ்லன் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு வந்து, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.