போக்கர் வில்லைக்கு எந்த ஒட்டி?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில், விடுமுறை நாட்களில் மச்சான்மாரும் நானும் காசு வைக்காமல், புளியங்கொட்டைகளை எண்ணியே போக்கர் சீட்டாட்டம் ஆடி வந்தோம். கொட்டைக்குப் பதிலாக, பந்தயத்தில் காசுபோல் வைக்கும் வட்டமான 300 வில்லைகளை (சிப்ஸ்) வாங்கிய பிறகு, அவற்றில் பெறுமதியையும் எங்கள் வீட்டு அடையாளத்தையும் எப்படிப் பதிப்பது என்று முடிவெடுக்கவே பல வாரங்கள் சென்றன.

முதலில் வீட்டிலுள்ள இங்க்ஜெட் அச்சுப்பொறியில் ஒட்டுதாளில் அச்சிட்டு, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி ஒட்டினேன். ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் உள்ள ஊரில், வியர்த்த விரல்கள் பட்ட இரண்டாம் இரவிலேயே மை கரைந்து, 5 என்ற எண்ணை ஒரு மச்சான் 6 என்று வாதாடும் நிலை வந்தது.

அதன்பின், கோப்பைகளில் படம் பதித்துத் தரும் கடையொன்றில் விசாரித்தேன். சப்ளிமேஷன் எனப்படும் அந்த முறையில், ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் மை ஆவியாகி மேற்பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுவதால், உரிவதற்கு ஒட்டி என்று எதுவும் இல்லை. படமும் விளிம்புவரை வரும். ஆனால் அதற்குப் பொலியெஸ்டர் பூச்சுள்ள செராமிக் வில்லைகள் வேண்டும். என்னிடம் இருந்தவையோ களிமண் என்ற பெயரில் விற்கப்படும் பிளாஸ்டிக் கலவை. அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். பொன்னிறத் தாளைச் சூடான அச்சால் அழுத்திப் பதிப்பது அழகுதான் என்றாலும், ஒவ்வொரு பெறுமதிக்கும் தனி உலோக அச்சு வேண்டும், கை படப்படத் தேயவும் செய்யும் என்பதால் அதைக் கைவிட்டேன்.

எஞ்சியது வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சிடும் ஒட்டி. இதில் படத்தைவிட அளவே முக்கியம். 39 மில்லிமீற்றர் வில்லையின் நடுவிலுள்ள பள்ளத்தின் விட்டத்தை வேர்னியர் இடுக்கிமானியால் அளந்தபோது 25.5 மில்லிமீற்றர் இருந்தது. ஒட்டியை 25 என்று வெட்டுவித்தேன். பள்ளத்தின் அளவுக்கே வெட்டினால் ஓரம் சுவரில் ஏறி நின்று, வில்லைகளை அடுக்கிக் கலைக்கும்போது நகம் பட்டு உரியத் தொடங்கும். மேலே பளபளப்பற்ற லெமினேட் படலம் இடச் சொன்னேன். பளபளப்பானது குழல் விளக்கில் கண்ணைக் கூசச் செய்கிறது. இரு பக்கத்துக்கும் 600 தேவை, சேதாரத்துக்கென்று 640 அடித்தோம். ஒட்டுமுன் ஒவ்வொரு வில்லையையும் அல்ககோலால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்குவது சலிப்பான வேலை.

போன மாரி முழுவதும் ஆடியதில் உரிந்தவை நான்கே. நான்கும் நான் அவசரத்தில் துடைக்காமல் ஒட்டிய, 100 பெறுமதியுள்ள கறுப்பு வில்லைகளில் இருந்தவை.