42 மார்க்

“சிஸ்டர், தம்பிக்கு இன்னைக்கு எவ்வளவு மார்க்?”

பார்வையாளர் நேரத்தில் ஐசியூவுக்குள் வந்ததும் அந்த அண்ணன் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 42 என்றேன். “35-ஐத் தாண்டிட்டான்ல, அப்ப பாஸ்தான்” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தம்பியின் நெற்றி நடுவிலிருந்து கண்ணோரப் பொட்டு வரைக்கும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கொடுக்கிற எண் அது. நாங்கள் ‘பிஸ்’ என்போம். மூளையின் மின் அலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகச் சுருக்கித் தருகிறது. முழு விழிப்பு என்றால் 100-க்குப் பக்கம், அலையே இல்லையென்றால் 0. ஆபரேஷன் தியேட்டரில் 40 முதல் 60-க்குள் வைத்திருப்பார்கள். அண்ணனிடம் “இது பரீட்சை மார்க் இல்லைண்ணா, எவ்வளவு ஆழமா தூங்குறார்னு காட்டுது” என்றேன். தலையாட்டினார். மறுநாளும் மார்க்தான் கேட்டார்.

எல்லா நோயாளிக்கும் இது போடுவதில்லை. சாதாரணமாக மயக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு அசைகிறார் என்பதை வைத்து ‘ராஸ்’ என்ற மயக்க ஸ்கோர் போட்டுவிடுவோம். என்னைக் கேட்டால் அங்கே அதுவே போதும். ஒருமுறை ஒரு பாட்டிக்கு பிஸ் 85 காட்டுகிறதே என்று ஜூனியர் பெண் மருந்தைக் கூட்டப் போனாள். போய்ப் பார்த்தால் பாட்டி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றித் தசையின் துடிப்பையும் மூளை அலையென்று எண்ணிக்கொண்டது மிஷின். போர்வை போட்டதும் எண் இறங்கிவிட்டது.

தம்பியின் கதை வேறு. நுரையீரல் கல்லாக இறுகி, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அட்ராகுரியம் ஓடியது. அது தசையைத்தான் கட்டிப்போடும், தூங்க வைக்காது. தூங்க வைப்பது தனி லைனில் ஓடிய மிடாசோலமும் ஃபென்டனிலும். தசை கட்டுண்டவர் முழு விழிப்பில் இருந்தாலும் இமையைக்கூட அசைக்க முடியாது. கூப்பிட்டாலும் கிள்ளினாலும் அசைவே இல்லை, அதனால் ராஸ் எப்போதும் கடைசிப் படியான -5 தான்.

அன்று இரவு 3:10. 44-ல் இருந்த எண் 61 ஆனது, அப்புறம் 76. இதயத் துடிப்பு 92-லிருந்து 128. மிஷினில் தசைத் துடிப்பைக் காட்டும் பட்டை காலியாகத்தான் இருந்தது, அதனால் நடுக்கம் என்று தள்ளிவிட முடியவில்லை. தூக்க மருந்தின் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அலாரம் இல்லை. கையால் லைனைத் தடவிக்கொண்டே போனேன். த்ரீ-வே, அதாவது லைனில் மருந்தின் வழியைத் திருப்பும் சின்னத் திருகு, தூக்க மருந்துப் பக்கம் மூடியிருந்தது. 2:30-க்கு ஆன்டிபயாடிக் முடித்துவிட்டுத் திருப்பியது நானேதான். மணிக்கு 2 மில்லி வேகத்தில் அடைப்பு அலாரம் அடிக்க நெடுநேரம் ஆகும். அட்ராகுரியம் மட்டும் பக்கத்து லைனில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியே திறந்தால் தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே போய் பிரஷர் படுத்துவிடும். லைனைக் கழற்றி அழுத்தத்தை வெளியே விட்டு, திரும்ப மாட்டினேன். டூட்டி டாக்டர் வந்து ஒரு டோஸ் கொடுக்கச் சொன்னார். எண் இறங்குவதற்குள் தம்பியின் காதருகே குனிந்து, “ஒண்ணுமில்ல தம்பி, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, மருந்து குடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வலது கண்ணோரம் ஈரமாக இருந்தது. கண்ணுக்குப் போட்ட ஜெல்லாகவும் இருக்கலாம். நடந்ததை நடந்தபடி சார்ட்டில் எழுதினேன்.

பிஸ் காப்பாற்றியது என்று முழுசாகச் சொல்லவும் மனசு வரவில்லை. 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், 10 தன்னார்வலர்களுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல் தசையை மட்டும் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். விழித்திருந்தவர்களுக்கே எண் 60-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து 45-ஐப் பார்த்தாலும் துடிப்பையும் கண்ணையும் ஒருமுறை பார்க்கிறேன், லைனைக் கடைசி வரை தடவுகிறேன்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். அண்ணன் வந்து வழக்கம்போல மார்க் கேட்டார். மிஷின் 7-ஆம் பெட்டுக்குப் போய்விட்டது. “தம்பியையே கேளுங்கண்ணா” என்றேன். தம்பி கரகரத்த குரலில் தண்ணீர் கேட்டான்.